நாலு என்று சொன்ன வாய்

அக்டோபர் 9, 2024. புதன்.

இன்று டிரை ரூமை முதல்முறையாக ஓட்டினோம். காலை ஆறரைக்கு மோட்டார் போட்டது. மாலை ஐந்துக்கு மீட்டரில் மைனஸ் இருபத்தாறு. நாற்பதுக்குக் கீழே போக வேண்டும். "மூணு நாளு ஆகுமுங்ணா, அவசரப்படாதீங்க" என்றார் பிரீத்தி மேடம். குமாரபாளையத்துப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. இந்த அறைக்கு முழுப் பொறுப்பு அவர்தான். நான் அவருக்குக் கீழே டெக்னீஷியன்.

காற்றில் இருக்கும் ஈரம் எந்தக் குளிரில் பனியாக இறங்கும் என்பதுதான் இந்த மீட்டரின் கணக்கு. மைனஸ் நாற்பது என்றால் காற்றில் ஈரமே கிடையாது என்று வைத்துக்கொள்ளலாம். வண்டி பேட்டரிக்குள் வைக்கும் தகடுகள் ஈரம் பட்டால் கெட்டுவிடும். ஆள் விடும் மூச்சைக்கூடக் கணக்கில் எடுக்கிறார்கள். ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் உள்ளே போகக் கூடாது.

எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. இதே புதுச்சத்திரத்தில், இதே இடத்தில் நின்ற நூல் மில்லில் பத்தொன்பது வருஷம் காற்றுக்குத் தண்ணீர் தெளித்தவன் நான். காற்று காய்ந்தால் நூல் அறுந்துவிடும் என்று ராத்திரி பகலாக ஈரம் ஏற்றிக்கொண்டிருந்தேன். 2013-இல் மில் மூடியது. பத்து வருஷம் கோழிப்பண்ணைகளில் ஃபேன் ரிப்பேர் பார்த்தேன். இப்போது அதே மண்ணில் பேட்டரி ஃபேக்டரி எழும்புகிறது, எனக்கு யூனிஃபார்ம், கழுத்தில் அட்டை, காற்றைக் காயவைக்கச் சம்பளம். "நனைச்சதுக்கும் கூலி, காயவெச்சதுக்கும் கூலி. உங்க பாடு பரவால்லீங்க" என்கிறாள் என் மனைவி பிரபா.

அக்டோபர் 11. வெள்ளி.

ஆயுத பூஜை. டிரை ரூம் கதவுக்கு வெளியே வைத்துக் கும்பிட்டோம். உள்ளே கற்பூரமும் கூடாது, தீர்த்தமும் கூடாது. மைனஸ் முப்பத்தொன்று.

அக்டோபர் 16. புதன்.

இரண்டு நாளாக மழை. மைனஸ் முப்பத்திரண்டில் அப்படியே நிற்கிறது. கதவு ரப்பர், குழாய் மூட்டு, சுவர்ப் பலகைகளின் இடுக்கு என்று ஒன்று விடாமல் சோதித்தோம். எங்கும் ஓட்டை இல்லை. மேடம் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். "மெஷின் சரியா இருக்குது. சுவரும் சரியா இருக்குது. அப்புறம் எங்கிருந்துங்ணா வருது ஈரம்?"

எனக்கு என்ன தெரியும் என்று சொன்னேன். அப்போது உண்மையாகவே தெரியாது.

அக்டோபர் 19. சனி.

வடமேற்கு மூலையில் தரைப் பூச்சு கொப்புளம் கண்டிருக்கிறது. பழைய நாலணா அகலத்தில் ஏழு கொப்புளங்கள். மேடம் ஒன்றை ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். உள்ளே இருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்.

தரை போட்ட மேஸ்திரி தனபாலைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். எடப்பாடிக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது சிறியவர். வந்ததும் முட்டி போட்டு உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தார். மேனேஜர் சென்னைக்காரர், சுற்றி வளைக்காமல் கேட்டார்: "காயறதுக்கு முன்னாடியே பூசிட்டியா?"

"இருவத்தெட்டு நாளு காய உட்டனுங்க. ஈரம் பாக்கற மீட்டரு வெச்சுப் பாத்துட்டுத்தான் பூசினனுங்க."

மேனேஜர் நம்பவில்லை. நான் பின்னால் நின்றுகொண்டு சுவரைப் பார்த்தேன், ஜன்னல் இருக்கும் பக்கத்தைப் பார்த்தேன், மனதுக்குள் பழைய மில்லை எடுத்து இந்த அறையின்மேல் வைத்துப் பார்த்தேன். வடமேற்கு மூலை.

இல்லை. அது இங்கே இல்லை. இன்னும் தள்ளித்தான் இருக்கும். தள்ளித்தான் இருக்கணும்.

அக்டோபர் 20. ஞாயிறு.

எழுதிவிடுகிறேன். எழுதினால் தூக்கம் வருகிறதா பார்க்கலாம்.

மில்லில் கணக்குக்கு நாலு போர்வெல். உண்மையில் ஐந்து. தொண்ணூற்றெட்டில் ஷெட்டை நீட்டிக் கட்டியபோது, கூரை போடுவதற்கு முன்பே திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டி வந்து, பொங்கல் லீவில் எண்ணூறு அடி போட்டுவிட்டுப் போனது. பிறகு அதன்மேல் கூரை வந்துவிட்டது, காற்றுக்கு ஈரம் ஏற்றும் ஹியூமிடிட்டி பிளான்டும் அங்கேயே வந்தது. போரைச் சுற்றி ஆளுயரக் குழி, குழியை மூடப் பலகைக்கல். பக்கத்துத் தோட்டக்காரர்கள் எங்கள் கிணறு வற்றுகிறது என்று மனு மேல் மனு கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அன்றிலிருந்து, கையில் பைலோடு யார் வந்து கேட்டாலும் நாலு. கூட்டுகிற அம்மா முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் நாலு. பதினைந்து வருஷம் சொன்னோம். பொய் சொல்கிறோம் என்ற உணர்வே போய்விட்டது.

போன வருஷம் ஆகஸ்டில் இந்தக் கம்பெனிக்காக சர்வேயர் ஒருவர் வந்தார். பழைய ஆள் ஒருவன் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். பாதி நாள் வெயிலில் அவரோடு நடந்து, குழாய் போன வழி, கேபிள் போன வழி, செப்டிக் டேங்க் எல்லாம் காட்டினேன். கடைசியில் பைலை விரித்து வைத்துக்கொண்டு, "மொத்தம் எத்தனை போருங்க?" என்றார்.

"நாலுங்க."

யோசிக்கவே இல்லை. வாய் சொல்லிவிட்டது. வண்டியை ஓட்டிக்கொண்டு பாதி வழி வந்த பிறகுதான், அட, அஞ்சுல்ல என்று உறைத்தது. திரும்பிப் போயிருக்கலாம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். மறுநாள் அவர் ஊருக்குப் போய்விட்டார். அவர் எழுதிய அறிக்கையில் என்னைப் பற்றி ஒரு வரி இருந்ததாம்: இந்த நிலத்தை முழுதும் அறிந்தவர். அந்த ஒரு வரிக்காகத்தான் ஐம்பத்தொரு வயதில் எனக்கு இந்த வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு எந்த முகத்தோடு போய், அந்த வரி பொய்யுங்க என்று சொல்வது?

மில்லை ஸ்கிராப்புக்கு விற்றபோது மோட்டாரையும் பைப்பையும் உருவிக்கொண்டு குழியை அப்படியே விட்டுவிட்டார்கள். அதன்மேல் ஐந்தடி கிராவல் கொட்டி உருட்டித்தான் இந்தக் கட்டடம். தரைக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்திருக்கிறது, ஆனால் அது மண்ணின் ஈரத்தைத் தடுக்கத்தான். ஊறி எழும் தண்ணீருக்கு அது போதாது. மழையில்லாத வருஷங்களில் அந்தப் போரில் எழுநூறு அடிக்குக் கீழேதான் தண்ணீர். நல்ல மழை பெய்தால் மேலே ஏறும். 2005-இல் வாய்வரை வந்து வழிந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்த வருஷம் நல்ல மழை. ஊரே சந்தோஷமாக இருக்கிறது.

இன்னொன்று. டிசம்பரில் பேட்டரித் தகடுகளுக்குப் பூச்சுப் போடும் கோட்டிங் மெஷின் வருகிறது. பதினெட்டு டன். அது நிற்கப்போவது வடமேற்கு மூலையில்.

அக்டோபர் 24. வியாழன்.

தனபால் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசுகிறார். அவரிடம் ஏழு பேர் வேலை செய்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போகாமல் மோட்டார் ரூமிலேயே இருந்தேன். எண்ணெய் போட வேண்டாத இடத்துக்கெல்லாம் எண்ணெய் போட்டேன்.

அக்டோபர் 31. வியாழன்.

தீபாவளி. வானம் வெளுத்திருந்தது. மழை இல்லை என்று நான் ஒருவன்தான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

நவம்பர் 6. புதன்.

மறுபடி கொப்புளம். இந்த முறை பன்னிரண்டு. ஒன்று சப்பாத்தி அகலத்துக்கு.

நவம்பர் 10. ஞாயிறு.

அங்கமுத்து அண்ணனைப் பார்க்கப் போனேன். மில்லில் யூனியன் செயலாளராக இருந்தவர். இப்போது புதன்சந்தை ரோட்டில் மாட்டுத் தீவனக் கடை. கடையில் வேறு யாரும் இல்லை.

"அண்ணா, நம்ம அஞ்சாவது போரு..."

"எது?"

"ஹியூமிடிட்டி பிளான்டுக்குள்ள இருந்துதுங்களே, அது."

"அட, நாலுதானப்பா" என்றார், மூட்டை தைத்துக்கொண்டே.

சொன்ன பிறகு அவருக்கே கை நின்றுவிட்டது. ஊசி சாக்கில் குத்தியபடி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சாக்கிலிருந்து ஊசியை உருவினார். பிறகு, "இப்பப் போயி நீ சொன்னீனா, அது உன்னோட போவாதப்பா. மில்லு ஆளுங்கள நம்பக்கூடாதுன்னு பதினொரு புள்ளைங்க பேரையும் அடிச்சுப்போடுவாங்க. தேவிப்ரியா டிப்ளமா முடிச்சுப்போட்டு ரெண்டு வருசமா ஊட்டுல உக்காந்துட்டு இருக்குது" என்றார்.

பழைய மில் தொழிலாளர்களின் பிள்ளைகள் பதினொரு பேரை வேலைக்கு எடுப்பதாகக் கம்பெனி பட்டியல் போட்டிருக்கிறது. அண்ணன் மகள் தேவிப்ரியா அதில் மூன்றாவது.

"தரை தானப்பா? எவனாச்சும் சரி பண்ணுவான். நீ வாயை மூடிட்டு இரு."

மெஷின் பதினெட்டு டன்னுங்ணா என்றேன். அவர் அடுத்த மூட்டையை இழுத்தார். அவரையும் குறை சொல்ல முடியாது. எனக்கு ஒரு மகள் வீட்டில் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

நவம்பர் 13. புதன்.

இன்று சொல்லிவிடுவது என்று போனேன். மேடம் லீவு. அதைக் கேட்டதும் மனசு எவ்வளவு லேசானது! அதை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

நவம்பர் 21. வியாழன்.

தனபால் மூன்றாவது முறை பூச ஆரம்பித்திருக்கிறார். இந்த முறை அடித்தளக் கான்கிரீட்டையே ஓரடிக்குக் கொத்தி எடுத்துப் புதிதாக ஊற்றி. ஏழு பேரில் நாலு பேர் ஓசூருக்குப் போய்விட்டார்களாம். ஒரே தரையைத் திரும்பத் திரும்பப் போடுகிறவனிடம் யார் இருப்பார்கள்?

மதியம் டீ குடிக்கும் இடத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஏனுங்ணா, இருவத்திரண்டு வருசமாத் தரை போடறனுங்க. தறிக்கூடம், ரைஸ் மில்லு, ஆஸ்பத்திரி, எல்லாம் போட்டிருக்கறனுங்க. இங்க மட்டும் என்ற கையில என்ன தப்புன்னே தெரியலீங்க. நீங்க இந்த எடத்துப் பழைய ஆளு. உங்களுக்கு ஏதாச்சும் தோணுதுங்களா?"

நேராகக் கேட்டார். என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"தெரியலீங்க" என்றேன்.

சர்வேயரிடம் சொன்னது வாய். பழக்கத்தில் வந்தது என்று இத்தனை நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்று சொன்னது நான். என்ன மனுஷன்டா நீ, முருகானந்தம்?

டிசம்பர் 2. திங்கள்.

புயல் மழை. நேற்றிலிருந்து விடவே இல்லை. ஊத்தங்கரைப் பக்கம் ஊரே மிதக்கிறது என்று டிவியில் காட்டினார்கள். ரோடெல்லாம் தண்ணீர், பஸ் கிடைக்காமல் நடந்து போனேன். மைனஸ் இருபத்துநாலு. மேடம் மீட்டரைத் தட்டிப் பார்த்தார், மீட்டர்தான் கெட்டுவிட்டதோ என்று. தனபால் புதிதாக ஊற்றிய இடத்தில் கருப்பாக ஒரு திட்டு, தோசை அளவுக்கு. தொட்டால் சில்லென்று இருக்கிறது.

மேலே ஏறி வந்துவிட்டது. வேறென்ன.

டிசம்பர் 4. புதன்.

மீட்டிங்கில் முடிவு செய்துவிட்டார்கள். திங்கட்கிழமை தனபாலுக்கு நீக்கக் கடிதம். தரக்குறைவான வேலை என்று எழுதி, மற்ற கட்டுமானக் கம்பெனிகளுக்கும் தெரிவிப்பார்களாம். அப்படி ஒரு கடிதம் போய்விட்டால் அவரை எந்த ஃபேக்டரியிலும் சேர்க்க மாட்டார்கள். மெஷின் சென்னைத் துறைமுகத்தில் இறங்கிவிட்டது. அதுவும் திங்கட்கிழமை வருகிறது. புதுத் தரைக்காரர்கள் மேலே இரும்புத் தகடு போட்டு அதன்மேல் மெஷினை நிறுத்திவிட்டு மற்றதைப் பிறகு பார்ப்பார்கள்.

தகடு போட்டு. அடியில் ஆளுயரக் குழி. மெஷினைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நிற்பார்கள்.

டிசம்பர் 5. வியாழன்.

பிரபாவிடம் சொன்னேன். காலையில், தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்கும்போது. அவளும் அந்த மில்லில் வைண்டிங்கில் இருந்தவள்தான். நூலைக் கோனில் சுற்றுகிற வேலை.

"அந்தப் போரா? எனக்குத் தெரியாதா? அதுல தான நாங்க குடிக்கத் தண்ணி புடிப்போம்" என்றாள். "எத்தனைன்னு சொல்லிப்போட்டீங்க?"

"நாலுன்னு."

சிரித்துவிட்டாள். சிரித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். கல்லை இறக்கி வைத்தாள்.

"என்னையக் கேட்டிருந்தாலும் நாலுன்னுதான் சொல்லியிருப்பேன். அது போவுட்டும். அந்த மேஸ்திரி வந்து கேட்டாருன்னீங்களே, அப்ப ஏனுங்க சொல்லல?"

வேலை போய்விடும் பிரபா என்றேன். "கோழிப்பண்ணை இன்னும் அங்கயேதான் இருக்குது" என்றாள்.

டிசம்பர் 6. வெள்ளி.

சொல்லிவிட்டேன்.

மேடம் கம்ப்யூட்டரில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. முழுதும் கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். விரல் விட்டு எண்ணினார்.

"கொப்புளம் வந்தது அக்டோபர் பத்தொம்பது. இன்னைக்கி டிசம்பர் ஆறு. நாப்பத்தெட்டு நாளுங்ணா. இந்த நாப்பத்தெட்டு நாளும் என்ற மேல தப்போன்னு நெனச்சுட்டுத்தான் நான் ஊட்டுக்குப் போறேன். அது உங்களுக்குத் தெரியுமுங்களா?"

தெரியாது. தனபாலைப் பற்றி நினைத்தேன், என்னைப் பற்றி நினைத்தேன். இந்தப் பெண்ணைப் பற்றி ஒருநாளும் நினைக்கவில்லை.

காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "எழுதிக் குடுங்க. எடத்தைப் படம் போட்டுக் காட்டுங்க." பழைய மில்லின் தெற்குச் சுவரிலிருந்து தூண்களை எண்ணி, தூணுக்குத் தூண் இருபதடி என்று கணக்குப் போட்டு, இடத்தைக் குறித்தேன்.

டிசம்பர் 7. சனி.

இல்லை.

நான் காட்டிய இடத்தில் தரையை அறுத்து, ஐந்தடி கிராவலைத் தோண்டி, பழைய மில்லின் தரை வரைக்கும் போனார்கள். கல் மாதிரித் தரை. குழியும் இல்லை, போரும் இல்லை. பக்கத்தில் இன்னொரு இடம். அங்கேயும் இல்லை.

மேனேஜர் என்னைத் தனியாக அழைத்தார். "தனபாலைக் காப்பாத்தறதுக்காகவா சார் இந்தக் கதை? உங்க ரெண்டு பேருக்கும் என்ன உறவு?"

ஒரு உறவும் இல்லைங்க என்றேன். பொய் சொன்னபோது எல்லோரும் நம்பினார்கள். உண்மையைச் சொன்ன அன்றைக்கு... மேடம்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. திங்கட்கிழமைக் கடிதம் திங்கட்கிழமையே போகும் என்று சொல்லிவிட்டார்கள். மெஷினும் நிற்காது.

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்படி ஒன்று இருந்ததா? நாலுதானோ?

டிசம்பர் 8. ஞாயிறு.

சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். படத்தை மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருந்தேன். பிரபா குழம்புக் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"தூணுக்குத் தூணு இருவதடியா? அது பழைய ஷெட்டு. நீட்டிக் கட்டினதுல எடவெளி ஜாஸ்தி."

"எப்படிச் சொல்ற?"

"பழைய ஷெட்டுல ரெண்டு தூணுக்கு நடுவால ரெண்டு வைண்டிங் மெஷினுதான் நிக்கும். புதுசுல மூணு நின்னுச்சு. மூணுக்கும் நாந்தான நடந்து செத்தேன்?"

மூன்று மெஷின் என்றால் முப்பதடி. நீட்டிய பகுதியில் இரண்டு இடைவெளி தாண்டித்தான் அந்தக் குழி. ஆக, நான் காட்டிய இடத்திலிருந்து இருபதடி வடக்கே. பத்தொன்பது வருஷம் அதே கூரைக்கு அடியில் நடந்திருக்கிறேன், ஒருநாளும் அது என் கண்ணில் படவில்லை.

மேடத்துக்கு போன் செய்தேன். மூன்றாவது முறைதான் எடுத்தார். சொன்னதைக் கேட்டுவிட்டு, "நாளைக்கிக் காலைல ஆறு மணி. மேனேஜர் வாரதுக்கு முன்னாடி. ஒரே ஒரு குழிதாங்ணா, அதுக்கு மேல என்னால முடியாது" என்றார்.

டிசம்பர் 9. திங்கள்.

ஏழே முக்காலுக்குப் பலகைக்கல் தட்டுப்பட்டது.

கடப்பாரை பட்டதும் அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்துவிட்டது. கல் குறுக்கே விரிசல் விட்டிருந்தது. ஒரு துண்டைத் தூக்கினார்கள். மேடம் தரையில் குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். கல்லுக்குச் சற்றுக் கீழே வரைக்கும் தண்ணீர், குழி நிறைய. நடுவில் போர் பைப்பின் வாய்கூடத் தெரியவில்லை, மூழ்கிப் போயிருந்தது.

அவர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டே விரிசலைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து மெஷின் லாரி எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஆத்தூர் தாண்டிவிட்டதாம். சேலத்திலேயே நிறுத்தச் சொன்னார்.

தனபாலுக்குக் கடிதம் போகவில்லை.

டிசம்பர் 12. வியாழன்.

விசாரணை. மூன்று பேர் எதிரில் உட்கார்ந்து கேட்டார்கள். ஏன் நாலு என்று சொன்னீர்கள்? பழக்கத்தில் வந்துவிட்டது என்றேன். ஒருவர் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். என்ன பழக்கம் என்றார். விளக்கினேன். கடைசியில் கையெழுத்துப் போடும்போது பார்த்தேன்: தகவலை மறைத்தது என்று அடித்திருந்தார்கள். மறுத்துப் பேசத் தோன்றவில்லை. அதுவும் உண்மைதானே.

டிசம்பர் 13. வெள்ளி.

தனபால் வந்தார். யாரோ எல்லாம் சொல்லியிருக்கிறார்கள். கிணற்று ஓரத்தில் நிற்பது போல அந்தக் குழியின் ஓரத்தில் நின்று உள்ளே பார்த்தார். நான் பக்கத்தில் போய், தனபால், என் மேலதான் தப்பு, மன்னிச்சிருங்க என்றேன்.

"நான் கேட்டனே" என்றார். "அன்னைக்கி டீ குடிக்கைல நேராக் கேட்டனே உங்களை."

அவ்வளவுதான். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பிப் போய்த் தன் ஆட்களிடம், இரண்டே பேர்தான் மிச்சம், எந்த இடத்திலிருந்து அறுக்க வேண்டும் என்று சுண்ணாம்பால் கோடு போட ஆரம்பித்தார்.

டிசம்பர் 28. சனி.

போரை அடியிலிருந்து சிமெண்ட் விட்டு அடைத்தாயிற்று. குழியைத் தூர்த்தாயிற்று. நான்காவது முறையாகத் தனபால் தரை ஊற்றினார். என்னைப் பம்ப் ஹவுஸுக்கு மாற்றிவிட்டார்கள். டிரை ரூமுக்குள் போக என் அட்டை இனி வேலை செய்யாது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன்.

ஜனவரி 14, 2025. செவ்வாய்.

பொங்கல். கோயிலில் அங்கமுத்து அண்ணன் எதிரில் வந்தார். பார்க்காதவர் போலப் போனார். தேவிப்ரியா மட்டும் நின்று, "லிஸ்ட்டு ஏப்ரலுக்குத் தள்ளிப்போயிருக்குதுங்க சித்தப்பா. ரத்து ஆவலீங்களாம்" என்றாள். அப்பா திரும்பிப் பார்ப்பதற்குள் ஓடிவிட்டாள்.

ஜனவரி 31. வெள்ளி.

மைனஸ் நாற்பத்துமூன்று. பம்ப் ஹவுஸுக்கு மேடம் தானே வந்து சொன்னார். லட்டு கொண்டுவந்தார். பழையபடி பேசவில்லை, ஆனால் வந்தார்.

கூடவே கவரும். பிரித்துப் பார்க்கத் தைரியமில்லாமல் மாலை வரை சட்டைப் பையில் வைத்திருந்தேன். பிரபாதான் பிரித்துப் படித்தாள். இறுதி எச்சரிக்கை. பம்ப் ஹவுஸ் நிரந்தரம். இன்னொரு முறை ஏதாவது என்றால் நீக்கம். "வேலை போவலீங்க" என்றாள். போகவில்லை. எனக்கு அழுகை வந்தது, எதற்கு என்று தெரியவில்லை.

லட்டு கொடுத்தபோது தனபால் இல்லை என்று மேடம் சொன்னார். தரை தேறியதும் அன்றைக்கே சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டாராம். நான் இந்த வாரம் நாலு முறை போன் செய்தேன். மணி அடிக்கிறது. எடுப்பதில்லை.

பிப்ரவரி 2. ஞாயிறு.

எடப்பாடி போய்வந்தேன். பிரபாவைக் கூப்பிட்டேன். "இது நீங்க மட்டும் போவ வேண்டிய எடமுங்க" என்றுவிட்டாள். தனபாலின் மனைவி வாங்க என்று சொல்லித் தண்ணீர் கொடுத்து, இன்றைக்கும் வேலைக்குப் போயிருக்கிறார் என்று வழி சொன்னார். யார் என்று கேட்டார். பேட்டரி கம்பெனியில் வேலை செய்கிறேன் என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை, முகம் மட்டும் மாறியது.

ஊருக்கு வெளியே புதிதாக ஒரு தறிக்கூடம். தரை ஊற்றுகிறார்கள். தனபாலும் இன்னொருவரும், இரண்டே பேர். என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். பஸ்ஸில் வரும்போது ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. போகவும் முடியவில்லை. வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.

கலவை வண்டி வந்து கொட்டிவிட்டுப் போனது. மட்டப்பலகை பத்தடி நீளம். இரண்டு முனைக்கும் இரண்டு பேர் வேண்டும், கலவையை இழுத்துவிட மூன்றாவது ஆள் வேண்டும். மூன்றாவது ஆள் இல்லை. தனபால் பலகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். கலவை இறுகிக்கொண்டிருந்தது.

"அந்தப் பக்கம் புடிங்க" என்றார், என்னைப் பார்க்காமலே.

செருப்பைக் கழற்றிவிட்டு, பேண்டை மடித்துக்கொண்டு இறங்கினேன். கணுக்கால் வரைக்கும் கலவை. "தூக்காதீங்க" என்று இரண்டு முறையும் "மெதுவா" என்று ஒரு முறையும் சொன்னார். நாலு மணி வரைக்கும் பேச்சு அவ்வளவுதான். என் இடுப்பு போய்விட்டது. மதியம் தூக்குப்போசியைத் திறந்து சோற்றை மூன்றாகப் பிரித்து வைத்தார். சாப்பிடுங்க என்று சொல்லவில்லை. சாப்பிட்டேன்.

வேலை முடிந்து தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தோம். அவர் நகக்கண்ணில் ஒட்டிய சிமெண்டைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் தரை இருக்குதுங்க" என்றார். பிறகு, "எனக்கு ஆளில்லீங்க."

"வாரனுங்க" என்றேன்.